தாழ்ப்பாள் உள்ள அறை



இலங்கை வரைபடத்தின் உச்சியில் விரலை வையுங்கள். நாட்டின் வடக்கு எல்லையாகக் கடலைத் தொட்டு நிற்கும் அந்தக் கரைதான் பருத்தித்துறை. ஒரு காலத்தில் பருத்தி ஏற்றி இறக்கிய துறை என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். 1916இல் கட்டிய வெளிச்சவீடு இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஊருக்குள் வந்தால் தோசை மணமும், மொறுமொறுவென்ற பருத்தித்துறை வடையும் உங்களை விடா.

இந்த ஊரில் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் பெயர் தெருமூடி மடம். பெயரே சொல்வதுபோல, தெருவையே மூடிக் கூரை போட்ட மடம் அது. இரு பக்கமும் கல் தூண்கள், உயர்ந்த திண்ணைகள். நடுவில் வீதி ஓடுகிறது. வெயிலில் வந்த வழிப்போக்கர் திண்ணையில் அமர்ந்து களைப்பாற வேண்டும் என்பதற்காக அந்நாள் மனிதர்கள் கட்டிவைத்தது. பயணிக்கு என்ன தேவை என்று யோசித்த ஊர் இது.

நான் அங்கே போனது என் தோழியின் தாயாரைப் பார்க்க. தோழி ஜெர்மனியின் கொலோன் நகரில் குடும்பத்தோடு வாழ்கிறாள். 2019 கோடையில் தாயாரைத் தன்னிடம் வரவழைத்து, ரைன் நதியில் ஒரு வார உல்லாசக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். அந்தக் கதையைக் கேட்கத்தான் எனக்கு ஆவல்.

வடையும் தேநீரும் வந்தன. "கப்பல் அறையிலே தொலைக்காட்சி, குளிரூட்டி எல்லாம் இருந்திருக்குமே அம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருந்தது பிள்ளை. ஆனா எனக்கு ஆகப் பிடிச்சது கதவுக்கு உள்ளால போடுற கொண்டிதான்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் கப்பல்

சகோதரிகளே, அந்த அம்மாவுக்கு அது முதல் கப்பல் பயணம் அல்ல. போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2002 ஏப்ரலில் திறந்தார்கள். 2006 ஆகஸ்டில் மறுபடி மூடிற்று. அந்த ஆண்டுகளில் குடாநாட்டு மக்களுக்குத் தெற்கே போகப் பெரும்பாலும் கடல்வழிதான். திருகோணமலை வரை கப்பல். அங்கிருந்து கொழும்புக்குத் தரைவழி. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும்கூடக் கப்பலில்தான் வந்து இறங்கின. பருத்தித்துறைத் துறைமுகமும் அப்படிச் சரக்கு இறக்கிய இடம்.

1998இல் அந்த அம்மா, 15 வயது மகளோடு அப்படி ஒரு கப்பலில் ஏறினார். அனுமதிப் பத்திரத்துக்குக் காத்திருந்த நாட்கள், பயணப் பையைக் கொட்டிக் காட்டிய சோதனைகள் எல்லாவற்றையும் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார். அவர் மனதில் நின்றது வேறு.

"இருக்க இடமில்லை. மேல்தட்டில சாக்கை விரிச்சு இருந்தனாங்கள். ஆம்பிளை, பொம்பிளை எல்லாரும் ஒண்டா. இரவு முழுக்க நான் கண் மூடேல்லை. சீலைத் தலைப்பால பிள்ளையை மூடிக்கொண்டு இருந்தன். தண்ணி குடிச்சா வெளிய போக வேணும் எண்டு பிள்ளையைத் தண்ணி குடிக்க விடேல்லை."

இதைக் கேட்டபோது எனக்கு என் உம்மாவின் ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நான் சிறுமி. படகில் உம்மா ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பருத்தித்துறை வீட்டு விறாந்தையில்தான் புரிந்தது.

ரைன் நதியில் ஓர் அறை

இப்போது அந்த இரண்டாவது கப்பலுக்குப் போவோம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஏறி, ஸ்ட்ராஸ்பேர்க், கொப்லென்ஸ், கொலோன் வழியாக ஆம்ஸ்டர்டாம் வரை போகும் பயணம்.

நதிக் கப்பல் என்றதும் கடலில் போகும் பத்து மாடிக் கப்பலை நினைத்துவிடாதீர்கள். பாலங்கள் தாழ்வானவை, ஆகவே கப்பலும் உயரக் கூடாது. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளுக்குள் நுழைந்து வெளிவர வேண்டும், ஆகவே அகலக்கூடாது. ரைனையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாய் 1992இல் திறக்கப்பட்டது. அதன் மதகுத் தொட்டிகள் 12 மீட்டர் அகலம். அதனால் இந்தக் கப்பல்கள் பல சுமார் 135 மீட்டர் நீளமும் பதினொன்றரை மீட்டருக்குள் அகலமுமாகக் கட்டப்படுகின்றன. நடுவில் நடைபாதை போனால், இரு புறமும் அறைகளுக்கு மிஞ்சுவது கொஞ்ச இடந்தான். ஒரு சாதாரண அறை 150 சதுர அடி அளவில் இருக்கும். நம் வீட்டுப் படுக்கையறையை விடச் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறிய அறைக்குள் என்னென்ன? சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய இரண்டு கட்டில்கள். அடியில் பெட்டி வைக்க இடம். சுவரில் தொலைக்காட்சி; அதில் செய்தி, திரைப்படம். சில கப்பல்களில் முகப்பில் பொருத்திய காமிராவின் காட்சியும் வரும். படுத்தபடியே நதி முன்னால் விரிவதைப் பார்க்கலாம். நகை வைக்கச் சிறு இரும்புப் பெட்டி, குளிர்பெட்டி, தலைமுடி உலர்த்தும் கருவி, தூவல் குழாயோடு குளியலறை. இணைய வசதியும் உண்டு. ஆனால் மலைகளுக்கு இடையே நதி நெளியும் இடங்களிலும் மதகுகளிலும் அது மெலிந்துபோகும்.

"முதல் நாள் ரீவியைப் போட்டுப் பாத்தன். பிறகு தொடேல்லை. சன்னல் இருக்கேக்க ரீவி என்னத்துக்கு?" என்றார் அம்மா. கொப்லென்ஸுக்கு முன்னால் மலைச்சரிவெங்கும் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் நகர்ந்து போக, அவர் கட்டிலில் கால்நீட்டி இருந்து தேநீர் குடித்தாராம். இரவில் கொண்டியைப் போட்டுவிட்டு, "விடியும்வரை ஒருக்காலும் முழிக்கேல்லை பிள்ளை" என்றார்.

நீங்கள் போவதானால்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் இன்று நம்மிலும் பல. நாளை உங்களையும் இப்படி ஒரு பயணத்துக்கு அழைக்கலாம். விளம்பரத் தாளில் உள்ள படங்களில் மயங்காமல் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் சன்னல். கீழ்த்தட்டு அறை விலை குறைவு. ஆனால் அதன் சன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரின் உயரத்தில் சிறிதாக இருக்கும். பெரும்பாலும் திறக்க முடியாது. மேல்தட்டு அறைகளில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, காற்றும் வரும்.

இரண்டாவது திரைச்சீலை. துறையில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். காலையில் நீங்கள் திரையை விலக்கினால் நதிக்குப் பதிலாக, கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கப்பலின் அறை தெரியலாம்! பர்தா பேணும் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது அறை இருக்கும் இடம். இயந்திரச் சத்தம் பின்பக்கத்தில் அதிகம். நடுப்பகுதி அமைதியானது.

நான்காவது தொழுகை. கட்டில்களைப் பிரித்துப் போடச் சொன்னால் நடுவில் முஸல்லா விரிக்க இடம் கிடைக்கலாம். ஜெர்மனியிலிருந்து கிப்லா தென்கிழக்கே. நதி வளைய வளைய அறையும் திரும்பும். ஆகவே சிறு திசைகாட்டி ஒன்று பையில் இருக்கட்டும். குளியலறை சிறியது, வுளூவுக்கு ஒரு குவளை கொண்டு போங்கள். குளிர்பெட்டியில் மது வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். ஹலால் உணவு கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுமுன்பே கேளுங்கள். கிடைக்காவிட்டால் மீனும் காய்கறியும் போதும்.

இன்னொன்றும் உண்டு. நதி எப்போதும் நம் சொல் கேட்காது. 2018, 2022 ஆண்டுகளின் கோடையில் ரைன் வற்றிக் கப்பல்கள் திண்டாடின. அப்படி ஆனால் நடுவழியில் பேருந்தில் ஏற்றுவார்கள். அதற்கான நிபந்தனைகளை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

கடல் மறுபடி திறக்கிறது

பருத்தித்துறைக்கு மேற்கே காங்கேசன்துறை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அங்கும் வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரம். கட்டில் இல்லை, இருக்கைதான்.

"அதிலயும் ஒருக்காப் போக வேணும்" என்றார் அம்மா.

"அதிலே அறையும் இல்லை, கொண்டியும் இல்லையே" என்றேன்.

"பகல் பயணம்தானே பிள்ளை. இருக்க ஒரு கதிரை, பொம்பிளையளுக்கு ஒரு கழிப்பறை. அது இருந்தாப் போதும், தண்ணி குடிச்சுக்கொண்டு போகலாம்."

விடைபெறும்போது ஒரு போத்தல் தண்ணீரை என் பையில் வைத்தார். பேருந்து நிலையம் போகும் வழியில் தெருமூடி மடத்தின் திண்ணையில் சற்று அமர்ந்தேன். போத்தலைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வயிறு நிறையக் குடித்தேன்.