அழச் சொல்லும் வேதம்

பழைய ஏற்பாட்டில் எரேமியாவுக்கும் எசேக்கியேலுக்கும் நடுவே ‘புலம்பல்’ என்று ஐந்தே அதிகாரங்களில் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் கடவுளின் இரக்கத்தைச் சொல்லும் ஒன்றிரண்டு வசனங்களைக் காலண்டரில் அச்சடித்து மாட்டிவிட்டோம். மிச்சத்தை யார் படிக்கிறோம்?

கி.மு. 587 வாக்கில் பாபிலோன் படை எருசலேமை அழித்து ஆலயத்தைக் கொளுத்தியது. அந்தச் சாவுக்கான ஒப்பாரி இது. முதல் அதிகாரத்தில் நகரமே ஒரு விதவையாக உட்கார்ந்து அழுகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எபிரெய எழுத்துகள் 22. முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் 22 வசனங்கள். ஒவ்வொன்றும் அகரவரிசையில் அடுத்த எழுத்தில் தொடங்கும், நம் ஆத்திசூடியைப் போல. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாவதிலும் 22 உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது தொண்டை கட்டியபின் வரிசை எங்கே நிற்கும் என்று எனக்குத் தோன்றும். தமிழில் படிக்கும் நமக்கு இந்தக் கட்டு கண்ணில் படாது. அதுவும் ஒரு நஷ்டம்தான்.

நான் விழுப்புரத்தில் ரயில்வே வேலையில் இருந்த காலத்தில், திண்டிவனத்தில் என் அத்தையின் 23 வயது மகன் சாலை விபத்தில் போய்விட்டான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தோளைக் கட்டிக்கொண்டு உட்கார, அத்தை ஒப்பாரியை எடுத்தார். சபைப் பெரியவர் ஒருவர், “விசுவாசிகள் இப்படிப் புலம்பக்கூடாதும்மா, பாட்டுப் பாடுங்க” என்று நிறுத்திவிட்டார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் பவுல் எழுதினார். அழவே கூடாது என்று எழுதவில்லை. லாசருவின் கல்லறையருகே இயேசுவே அழுதாரே! அத்தை வாயை மூடிக்கொண்டார். மூடினது மூடினதுதான். மாதக்கணக்கில் சோறு வேண்டும், வேண்டாம் என்பதைத் தவிர பேச்சே இல்லை.

செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளம் பார்த்திருப்பீர்கள். தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் கிடப்பான். பாஞ்சாலி சபதம் முடித்துக் கூந்தல் முடிவாள். அதே களத்தில் காந்தாரிக்கும் ஒப்பாரி உண்டு. மகன் செய்தது அக்கிரமம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் பெற்றவள் அழுவதை யாரும் தடுப்பதில்லை. எபிரெயப் புலம்பலிலும் இதுதான் நடக்கிறது. நகரம் தன் பாவத்தை ஒத்துக்கொள்கிறது. அதே வாயால், இவ்வளவு அடிக்கலாமா என்று கடவுளையே கேட்கிறது. யாரும் அதைத் தேவதூஷணம் என்று புத்தகத்திலிருந்து கிழித்து எறியவில்லை. சிலுவையில் இயேசு கூப்பிட்டதும் இப்படியொரு புலம்பல் சங்கீதத்தின் முதல் அடியைத்தான், 22ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதமோ இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலுக்கு ஒரு வரி கிடையாது.

அத்தை வீட்டுக்கு வயதான பைபிள் உமன் ஒருவர் வந்து போவார். ஒருநாள் அவர் ஜெபம் எதுவும் பண்ணாமல், புலம்பல் இரண்டாம் அதிகாரத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். தெருமுனையில் பசியால் மயங்கும் பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார், இராப்பகலாக ஓயாமல் அழு என்று நகரத்துக்குச் சொல்லும் இடம், எல்லாம் அதில்தான் வருகின்றன. அங்கே வந்தபோது அத்தை மெதுவாக ராகம் எடுத்தார். அந்த அம்மா நிறுத்தவில்லை. அத்தையின் குரலுக்கு அடியிலேயே படித்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அத்தை தானாகவே அடுப்பு பற்ற வைத்தார் என்று மாமா சொன்னார்.

இப்போது சாவு வீடுகளில் ஐஸ் பெட்டி வருகிறது, ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. ஒப்பாரி எடுக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம்.

யூதர்கள் இன்றும் ஆலயம் அழிந்த ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் பட்டினியிருந்து, தரையில் உட்கார்ந்து, மங்கலான விளக்கில் புலம்பலை முழுக்கப் படிக்கிறார்கள். கடைசி வசனம் கசப்பாக முடிவதால், அதற்கு முந்திய வசனத்தை இன்னொரு முறை படித்துவிட்டு எழுந்திருப்பது வழக்கம்.