திருவண்ணாமலையில் ஒரு ஸ்காட்லாந்து மெட்டு

போன வருஷம் ஆன்சைட்ல எடின்பரோ போயிருந்தப்போ ஒரு பப்புக்குப் போனேன் (நம்புங்க மக்களே, ஆரஞ்சு ஜூஸ்தான்!). மூலையில நாலு பேர் ஃபிடில் வாசிச்சிட்டு இருந்தாங்க. ஒரு மெட்டு ஆரம்பிச்சதும் என் இடது கை விரல்கள் தானா மேஜை மேல ஓட ஆரம்பிச்சது. அட, இது 'ஜகதீச குருகுஹ' ஆச்சே! ஏழாங்கிளாஸ்ல திருவண்ணாமலையில வயலின் சார் சொல்லிக்கொடுத்தது.

கேட்டா 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்'னாங்க. 18ஆம் நூற்றாண்டுலேயே அங்கே அச்சுல வந்த மெட்டாம்.

ரூமுக்கு வந்து நோண்டினேன். முத்துசாமி தீட்சிதர் (1775-1835) குடும்பம் சென்னைக்குப் பக்கத்துல மணலியில இருந்தப்போ, கோட்டையில கம்பெனி பேண்டு வாசிக்கறதைக் கேட்டிருக்காங்க. தம்பி பாலுசாமி வயலினே கத்துக்கிட்டார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்துல சாமி பாட்டு எழுதினார். சுமார் 40 பாட்டு. எல்லாமே சங்கராபரணம், கமகம் கிடையாது. பேரு நோட்டுஸ்வரம். 1833ல, தீட்சிதர் இருக்கும்போதே, சி.பி. பிரவுன்ங்கற வெள்ளைக்கார அதிகாரி இதுகளைச் சுவடியா தொகுத்து வெச்சார். நம்மூர் அக்னிலிங்கத்து மேல சாரங்கா ராகத்துல 'அருணாசலநாதம்' பாடின அதே தீட்சிதர்தான்!

படிக்கப் படிக்க ஒரு பழைய உறுத்தல். பத்தாவது படிக்கும்போது டிவியில பிரிட்டிஷ் தேசிய கீதம் கேட்டேன். அப்படியே 'சந்ததம் பாஹிமாம்'. மறுநாள் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும், "என்ன சார், காப்பியடிச்ச பாட்டா?"ன்னு சிரிச்சேன். சார் ஒண்ணும் சொல்லலை. பப்ளிக் எக்ஸாம்னு சாக்கு சொல்லி நானும் நின்னுட்டேன். பன்னிரண்டு வருஷம் ஆச்சு.

அம்மாகிட்ட நம்பர் வாங்கி சாரைக் கூப்பிட்டேன். "சார், அன்னிக்கு நான் காப்பின்னு சொன்னது..."

"அதை விடுடா. அவங்க என்ன வேகத்துல வாசிக்கறாங்க?"

செல்லுல பதிவு பண்ணினதைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சப்போ, அந்தப் பக்கம் வயலின். பாதி வேகத்துல, எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"இதானே?"ன்னார்.

"ஆமாம் சார்"னு சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

டிஸ்கி: அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்குப் போறேன். கிரிவலம் முடிச்சிட்டு நேரா சார் வீடு. அதுக்கு முன்னாடி பரண்ல கிடக்கற வயலினுக்குத் தந்தி மாத்தணும்.