காரை ஓடையில் கிடந்த கடல்

பாடாலூரில் பேருந்தை விட்டிறங்கி, ஆட்டோ பேசி, காரை கிராமத்தைத் தாண்டியதும் நிலம் சட்டென்று மாறிவிட்டது. பருத்தியும் மக்காச்சோளமும் முடிந்த இடத்தில் மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண் மேடுகள். மழைநீர் அறுத்த ஓடைகள், எண்ணி மாளாது. கண்ணாடியை நொறுக்கிக் கொட்டியதுபோல் தரையெங்கும் மின்னியது. குனிந்து எடுத்தால் ஜிப்சம் தகடு. நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது.

நான் தேடி வந்தது அதன் பக்கத்திலேயே கிடந்தது. சுண்டுவிரல் நீளம், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரி. பெலெம்னைட். கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்த ஓடு. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது இங்கே நீந்தியிருக்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கோலை ஊன்றி நின்றார். "இங்க கடல் இருந்துச்சுன்னு வர்றவங்கல்லாம் சொல்றாங்க. நெசமா தம்பி?"

"நெசந்தாங்கய்யா."

"அப்ப தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

கடல் பின்வாங்கிப் போனது என்று சொல்லலாம். ஆனால் நிலமும் இருந்த இடத்தில் இல்லையே!

இந்த வட்டாரத்தை நடந்து ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட். 1862இல் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இவற்றில் கிடைத்த புதைபடிவங்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போயின. நடுவில் அத்தனை பெரிய கடல் இருக்க, இது எப்படி? இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு கண்டம் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று 1875இல் எழுதினார். அதற்கு முன்பே, 1864இல், விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர் மடகாஸ்கரின் லெமூர்களை மனத்தில் வைத்து அப்படியொரு நிலத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்திருந்தார். நம் தேவாங்கு அந்த லெமூர்களுக்குத் தூரத்து உறவு.

எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா குமரிமுனைக்குத் தெற்கே பச்சைச் சாக்பீஸால் வரைந்த கண்டம் அதுதான். கடல்கொண்ட நிலம் பற்றிய பழந்தமிழ் நினைவும் லெமூரியாவும் அந்தக் கரும்பலகையில் ஒன்றாகியிருந்தன. மணியடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு கண்டமே கிடையாது என்று பின்னால் படித்தபோது, சொந்த ஊரை யாரோ எழுதி வாங்கிக்கொண்டதுபோல் மனம் கனத்தது.

அந்தக் கனம் காரையில் இறங்கியது. பெருங்கண்டம் எதுவும் மூழ்கவில்லை. இந்தக் களிமண் கடலடியில் படிந்த காலத்தில் இந்தியாவும் மடகாஸ்கரும் தென் அரைக்கோளத்தில் ஒட்டிக்கிடந்தன. பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் சொன்னார். அறிவியலாளர்கள் ஏற்க அரை நூற்றாண்டு பிடித்தது. பிளான்ஃபோர்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல் சொன்னதை அவர் சரியாகவே கேட்டார். நிற்கிற தரையே நடக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்? மூழ்கிய கண்டத்தைவிட இந்தப் பயணம்தான் எனக்குப் பெரிய அதிசயம். ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் என்று விரைந்த நிலம், இன்றும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.

ஓடை மண்ணில் விரலால் வரைந்து காட்டினேன். பெரியவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "அப்ப நம்ம ஊரு நடந்தே வந்திருக்குங்க" என்றார். பெலெம்னைட்டை எடுத்த பள்ளத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரவு வீட்டில், பூஜை அலமாரியிலிருந்து பாட்டியின் சாளக்கிராமத்தை எடுத்தேன். நேபாளத்தின் கண்டகி ஆற்றுக் கல். இந்தியா போய் ஆசியாவில் முட்டியபோது இமயத்தோடு மேலெழுந்த கடலடியின் துண்டு. காய்ந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு விளக்கருகே திருப்பினேன். துளைக்குள்ளே சுருள் சுருளாக அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரின் வரிகள் தெரிந்தன.