பட்டாசு ஊர்ப் பிள்ளைகளும் அணில் காடும்

மழை குறைவு, வறண்ட காற்று. இந்த இரண்டும்தான் சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொடுத்தன. அதே விருதுநகர் மாவட்டத்தில், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் செண்பகத்தோப்பு. மலையடிவாரம், ஓடை, அடர்ந்த மரங்கள். 1988-ல் இங்கே சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அமைந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் இது 5-வது.

காட்டுக்குக் காவல் கூடியது நல்லதுதான். ஆனால், காட்டைப் பார்த்துப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு வழி குறுகிவிட்டது. சிவகாசிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வகுப்பை அங்கே அழைத்துப் போக நினைத்தபோதுதான் அது புரிந்தது. அனுமதிக் கடிதம், வேன் வாடகை, துணைக்கு ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் அலைச்சல். அதே காப்பகத்துக்குள் இருக்கும் சதுரகிரிக்கு ஆடி அமாவாசையன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். நாற்பது பிள்ளைகள் அடிவாரத்தில் நிற்பதற்குத்தான் இத்தனை பாடு.

ஒருவழியாகப் போனார்கள். "புலி எங்க டீச்சர்?" என்பதே எல்லோர் கேள்வியும். புலி வரவில்லை. உயரத்தில் ஓர் அணில் கூடு தெரிந்தது. இந்த அணில் பெரும்பாலும் தரைக்கு வராது, கிளைக்குக் கிளை தாவியே போகும், நடுவில் மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும் என்று வனக் காவலர் சொன்னார். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைப் பற்றிச் சொன்னார். கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடக் கூடாதென்று பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சொல்லும்போதே அவருக்குத் தயக்கம்தான். கேட்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் பட்டாசால்தான் உலை கொதிக்கிறது.

ஒரு பையன் எழுந்தான். "எல்லா ஊரும் அப்படி வெடிக்காம விட்டா, எங்கம்மாவுக்கு யாரு டீச்சர் வேலை குடுப்பா?"

ஆசிரியையிடம் உடனே பதில் இல்லை. அந்தக் கேள்வியையே கரும்பலகையில் எழுதி, வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னார்.

இயற்கையும் வாழணும், அடுப்பும் எரியணும். நீடித்த வளர்ச்சி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். சுவரில் ஒட்டிய 'காட்டைக் காப்போம்' வாசகம் அந்தப் பையனிடம் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்காது. புலி உலவும் உள்காடு பூட்டியே இருக்கட்டும். பட்டாசு ஊர்ப் பள்ளிகளுக்காக, சொல்லித்தர ஒருவரோடு, மாதம் ஒரு நாளாவது செண்பகத்தோப்பு அடிவாரத்தைத் திறந்துவிட்டால் போதும். நாளைக்கு அந்த மலையைக் காக்க வேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகள்தானே!