ஒரு தேதியும் ஒரு சனிக்கிழமையும்



லெட்டர் ஆஃப் கிரெடிட் பற்றி எங்கள் பி.காம் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி வந்தது. எனக்கு அஞ்சுக்கு அஞ்சு! அந்தப் பெருமையெல்லாம் போன கோடை விடுமுறையில் கரூருக்கு ட்ரெய்னிங் போகும் வரைதான்.

ஒரு ஏற்றுமதி கம்பெனியில் என் மாமா டாக்குமெண்ட் வேலை பார்க்கிறார். முதல் நாளே சொன்னார்: "மாப்ள, பேங்க்காரன் துணியப் பாக்க மாட்டான், காகிதத்தத்தான் பாப்பான்." நான் சிரித்தேன். பத்தே நாளில் சிரிப்பு போய்விட்டது.

ஹாம்பர்க்குக்கு மேஜை விரிப்புகள். தூத்துக்குடியில் கப்பல் ஏறும். விலை சி.ஐ.எஃப்., அதாவது கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் நம் தலையில். கம்பெனிக்கு ஓப்பன் பாலிசி இருந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் டிக்ளரேஷன் கொடுத்து சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். அந்த வேலை எனக்கு.

ரொம்ப கவனமாகத்தான் செய்தேன். இன்வாய்ஸ் 40,000 டாலர், இன்ஷூரன்ஸ் 44,000 டாலர். எல்.சி.யில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் சி.ஐ.எஃப். மதிப்பில் குறைந்தது 110 சதவீதம் இருக்க வேண்டும். அந்தப் பத்து சதவீதம், சரக்கு போய்ச் சேர்ந்திருந்தால் வாங்குபவருக்குக் கிடைத்திருக்கும் லாபத்துக்காக. எல்.சி. எந்தக் கரன்சியோ அதே கரன்சி. இரண்டு ஒரிஜினல் கொடுத்தால் இரண்டையும் பேங்கில் வைக்க வேண்டும். கிளெய்ம் உரிமை கைமாற, பின்பக்கம் மாமா கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார். எல்லாம் சரி.

ஒன்றைத் தவிர. பி.எல். நம்பர் வந்தால்தான் ஃபாரம் முழுதாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்தேன். சரக்கு கப்பலில் ஏறியது 12-ம் தேதி. சர்டிஃபிகேட் தேதி 14.

பேங்கில் பிடித்துவிட்டார்கள். 2007 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள யூ.சி.பி. 600 விதிகளில் 28-வது பிரிவு இன்ஷூரன்ஸுக்கானது. இன்ஷூரன்ஸ் தேதி, சரக்கு ஏறிய தேதிக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. நியாயம்தானே? நடுவில் இரண்டு நாள் சரக்குக்குப் பாதுகாப்பே இல்லை என்றுதான் காகிதம் சொல்கிறது. உண்மையில் ஓப்பன் பாலிசி இருந்ததால் பாதுகாப்பு இருந்தது. '12-ம் தேதி முதல் செல்லும்' என்று சர்டிஃபிகேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் பேங்க் ஏற்றுக்கொண்டிருக்கும். அந்த வரியை வாங்கி வர நேரமில்லை. எல்.சி. காலாவதியாவது அன்றைக்குத்தான்.

'டிஸ்கிரிபன்ஸி' என்று குறித்து காகிதங்கள் ஜெர்மனிக்குப் போயின. வாங்குபவர் சம்மதித்தால்தான் பணம். சரக்கு கடலில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது, பணம்தான் நடுவழியில் நின்றது.

அந்த வாரம் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முதலாளி வெளியே கடன் வாங்கினார். ஆறு மணிக்குக் கிடைக்க வேண்டிய கூலி ஒன்பது மணிக்குக் கிடைத்தது. செக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர், "ஏன் தம்பி இன்னிக்கு லேட்டு?" என்று என்னையே கேட்டார். தெரியாது என்றேன். உள்ளே மாமா திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை முதலாளியிடம் போய், "தப்பு என்னுது சார்" என்றேன். "மேல கையெழுத்துப் போட்டது உங்க மாமாதானே தம்பி. இனிமே தேதிய மொதல்ல பாரு" என்றார், அவ்வளவுதான். பணம் பத்து நாள் கழித்து, டிஸ்கிரிபன்ஸி கட்டணம் போக, வந்து சேர்ந்தது.

ட்ரெய்னிங் போகும் நண்பர்களே, சரக்கு கிளம்பும் முன்பே இன்வாய்ஸ் நம்பரை வைத்து டிக்ளரேஷன் கொடுத்துவிடுங்கள். கவர் நோட் கொடுத்தால் வாங்காதீர்கள், பேங்க் அதை ஏற்காது. பி.எல்.லையும் இன்ஷூரன்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தேதியையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அந்த அக்காவின் முகமும் கூடவே ஞாபகம் வருகிறது.