பாம்பு கடிச்சா கயிற்றைத் தேடாதீங்க!

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றில் மாதம் ஒருமுறை மகளிர் குழு கூடும். தவணை வசூல், நோட்டில் கையெழுத்து, அதோடு கலைந்துவிடுவார்கள். குழுத் தலைவிக்கு ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக அறுபது சென்ட் நிலம், மற்ற நாள்களில் நடவு, களை என்று கூலி வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

குறுவை அறுப்பின்போது அவருடைய கொழுந்தனைக் கண்ணாடி விரியன் கடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சாக்குக் கட்டும் கயிற்றை எடுத்து, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்கள். கடிவாயைப் பிளேடால் கீறினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. உயிர் பிழைத்தது, கால் போய்விட்டது. கால் போனதில் விஷத்துக்குப் பங்கு உண்டு, கயிற்றுக்கும் உண்டு. கட்டியவர்கள் எல்லோரும் பாசக்காரச் சொந்தங்கள்தான். அதுதான் தலைவியின் மனதை அறுத்தது. கிராம சுகாதார செவிலியரிடம் போய், “எங்களுக்கும் சொல்லிக் குடுங்கம்மா” என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடந்தது. சொல்ல வேண்டியதைப் பத்து நிமிடத்தில் செவிலியர் சொல்லிவிட்டார். செய்து பழகத்தான் பொழுது பிடித்தது. ஒருத்தி பாம்பு கடித்தவளாகப் படுக்க, மற்றவர்கள் மெட்டி, கொலுசு, வளையலைக் கழற்றினார்கள். வீக்கம் வந்தபிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுவது போலவே காலுக்கு மூங்கில் சிம்பு வைத்து, பழைய சேலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டினார்கள். விரல் ஒன்று உள்ளே நுழைய வேண்டும், அதுதான் அளவு. கடிபட்டவர் நடக்கக் கூடாது, தூக்கித்தான் போக வேண்டும். 108 வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. கீறிவிட்டால் ரத்தம் நிற்காது. வாயால் உறிஞ்சினால் விஷம் வெளியே வராது.

வாசலில் நின்ற ஆண்கள் சும்மா இருக்கவில்லை. “கடிச்ச பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போகணும்ல?” வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைத் தேடும் நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம். அந்த மருந்துக்கான விஷத்தை 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் சேகரித்துக் கொடுத்து வருகிறது.

“எங்க தாத்தா மந்திரிச்சே எத்தனையோ பேரைக் காப்பாத்துனாரே?” என்றார் ஒரு பெரியவர். பொய்யில்லை. விஷமில்லாத பாம்பு கடித்திருக்கும். விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. அப்படிப் பிழைத்தவர்கள்தான் ஊர் நினைவில் நிற்கிறார்கள்.

புரட்டாசி மாதம், ராத்திரி மூன்று மணி. மூன்றாவது வீட்டில், தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த பத்து வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். உடம்பில் கடித்த அடையாளம் எதுவும் தெரியவில்லை. அஜீரணம் என்று நினைத்து அவன் ஆத்தா ஓமத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்த தலைவி டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தார். இமை இரண்டும் பாதி மூடியிருந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது.

“ஓமத்தண்ணி குடுக்காத ஆத்தா, தொண்டையில இறங்காது. இது கட்டுவிரியன் வேல.”

கட்டுவிரியன் அப்படித்தான். தூங்குகிறவரைக் கடிக்கும், வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விஷம் தசைகளை ஒவ்வொன்றாக முடக்கிக் கடைசியில் மூச்சை நிறுத்தும். வாய்க்கால் பாலம் உடைந்திருந்ததால் 108 உள்ளே வர வழியில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, பையனை இடது பக்கமாக ஒருக்களித்துப் போட்டுக் கட்டிலோடு தூக்கினார்கள். மூச்சு நின்றாலும் இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும், அப்போது வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போகலாம் என்று வகுப்பில் படித்திருந்ததால், தலைவி வழி நெடுக அவன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. ஊத வேண்டிய அவசியம் வரவில்லை. அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். ஐந்தாம் நாள் பையன் கண் திறந்து இட்லி கேட்டான். செலவு, போக்குவரத்தும் டீயும்தான்.

செவிலியர் சொன்னதில் கடன் வாங்கியாவது செய்ய வேண்டியது ஒன்றுதான்: மழைக்காலத்தில் கட்டிலில் படுப்பது, முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிவிட்டுப் படுப்பது. அந்த மாதம் குழுவில் ஐந்து பேர் கட்டிலுக்குக் கடன் கேட்டார்கள். உடனே கொடுத்தார்கள்.

அடுத்த வகுப்பு மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்தால் என்ன செய்வது என்பது பற்றி. முதலில் மெயினை அணைப்பது, அதுவரை அடிபட்டவரைத் தொடாமல் இருப்பது, மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை அழுத்துவது. அழுத்திப் பழக நெல் உமி நிரப்பிய சாக்கு ஒன்று தயாராகிவிட்டது. இந்தத் தடவை ஆண்கள் வாசலில் நிற்கக் கூடாது, உள்ளே வந்து உட்கார வேண்டும் என்று தலைவி சொல்லியிருக்கிறார்.