ஏதோ இருக்கு

யூசுகே உராமேஷி முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறான். 14 வயது. பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதவன், சண்டைக்காரன், ஆசிரியர்களுக்குத் தலைவலி. சாலைக்கு ஓடிய ஒரு சின்னப் பையனைத் தள்ளிவிடப் பாய்ந்து காரில் அடிபடுகிறான். துடுப்பின் மேல் உட்கார்ந்து பறந்து வரும் போத்தான் என்ற பெண் அவனை அழைத்துப்போக வருகிறாள். வந்தவள் சொல்லும் செய்திதான் எனக்கு முதல் அடி. நீ பாயாமல் இருந்திருந்தாலும் அந்தப் பையன் பிழைத்திருப்பான். நீ இன்றைக்குச் சாவாய் என்று எங்கள் கணக்கிலேயே இல்லை.

யோஷிஹிரோ தோகாஷியின் 'யுயு ஹகுஷோ' 1990 முதல் 1994 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்தது. 19 தொகுதிகள். நான் படித்தது பல்கலைக்கழக விடுதியில். அறைத்தோழன் ஒரு சீனப் பையன், ஆங்கில மொழிபெயர்ப்பு முழுவதையும் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்தான். தெர்மோடைனமிக்ஸ் தேர்வுக்கு முந்தின இரவு சும்மா ஒன்றை எடுத்தேன். விடியும்போது நான்காவது தொகுதியில் இருந்தேன். தேர்வைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

செத்த யூசுகேவுக்கு உயிர் திரும்பக் கிடைக்கிறது. அதற்கு விலையாக 'ஆவியுலகத் துப்பறிவாளன்' என்ற வேலை. அவனுக்கு மேலதிகாரி கோயென்மா, வாயில் சூப்பானோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை. அவனுடைய அப்பா எம்மா, மரித்தவர்களின் நீதிபதி. பெயரைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நம்ம எமன்தான். பௌத்தத்தோடு சீனா போய் யான்லுவோ ஆகி, ஜப்பானுக்குப் போய் எம்மா ஆனவர். பாட்டி சொன்ன கதையில் எருமை மேல் வந்தவர் இங்கே அலுவலகம் நடத்துகிறார். கீழே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பேய்க் குமாஸ்தாக்கள். சித்திரகுப்தனைத் தெரிந்த யாருக்கும் அந்த அலுவலகம் அந்நியமாகத் தெரியாது.

அப்போது எனக்குப் பிடித்தது சண்டைகள்தான். சுட்டுவிரலிலிருந்து யூசுகே சுடும் ஆவித் துப்பாக்கி. முதல் இரண்டு தொகுதிகளில் வரும் சின்னச் சின்னப் பேய்க்கதைகளை வேகமாகத் தள்ளிவிட்டேன். உயிர் திரும்புவதற்கு முன்னால் யூசுகே ஆவியாக அலைந்துகொண்டிருக்கும் நாட்கள் அவை. செத்துப்போன நாய் ஒன்று தன் குட்டி எஜமானை விட்டுப் போக முடியாமல் நிற்கும். அதற்கு என்ன வேண்டும் என்று இவன் கண்டுபிடிக்க வேண்டும். கொலை கிடையாது, திருட்டு கிடையாது. எனக்கு அது துப்பறிதலாகவே படவில்லை.

துப்பறிதல் என்றால் எனக்கு ஹோம்ஸ்தான். 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையில் ஊரே பேய்நாய் என்று நடுங்கும். ஹோம்ஸ் வருவார். அது பாஸ்பரஸ் பூசிய சாதாரண நாய் என்று தெரியவரும். பேய் இல்லை, பயந்தவர்கள் ஏமாளிகள், படித்தவன் ஜெயித்தான். பொறியியல் படிக்கிற பையனுக்கு இதைவிடத் திருப்தியான முடிவு வேண்டுமா?

ஜப்பானிலும் அப்படி ஒருவர் இருந்தார். என்ரியோ இனோவே, 1858இல் பிறந்தவர், தத்துவம் படித்தவர். இன்றைய தோயோ பல்கலைக்கழகம் அவர் 1887இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஊர் ஊராகப் போய் யோகாய்க் கதைகளைச் சேகரித்தார். யோகாய் என்றால் பேய், பூதம், விளக்கம் சொல்ல முடியாத எல்லாம். சேகரித்தது ரசிப்பதற்காக அல்ல, ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் காட்டி மூடநம்பிக்கையை ஒழிப்பதற்காக. மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'யோகாய் டாக்டர்'.

அவர் 1919இல் இறந்தார். மூன்று வருடம் கழித்து ஷிகெரு மிசுகி பிறந்தார். கடலோர ஊரான சகாய்மினாத்தோவில் வளர்ந்தவர். சின்ன வயதில் நோன்நோன்பா என்ற கிழவி அவருக்கு யோகாய்க் கதைகள் சொன்னாள். போருக்கு அனுப்பப்பட்டு, ரபாவுல் பக்கம் இடது கையை இழந்தார். மிச்சமிருந்த ஒரு கையால் கித்தாரோவை வரைந்தார். கல்லறையில் பிறந்த ஒற்றைக்கண் பையன். அவனுடைய அப்பா வெறும் கண்விழி, மகனின் தலைமுடிக்குள் குடியிருப்பவர். பக்கத்தில் யோகாய் வந்தால் கித்தாரோவின் முடி விறைத்து நிற்கும். மனிதர்கள் கடிதம் போடுவார்கள்: எங்கள் ஊரில் ஏதோ நடக்கிறது, வா. மரச்செருப்புச் சத்தத்தோடு அவன் வருவான்.

கித்தாரோவும் ஹோம்ஸும் பிரியும் இடம் இதுதான். கித்தாரோ கடிதத்தை நம்பித்தான் வேலையைத் தொடங்குகிறான். எழுதியவர் சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம். ஆனால் ஏதோ இருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. போய்ப் பார்த்தால், பல கதைகளில், தோண்டக்கூடாத இடத்தை மனிதர்கள் தோண்டியிருப்பார்கள். அல்லது காசுக்கு ஆசைப்பட்டு நெசுமி ஓத்தோகோ என்ற எலிமூஞ்சிக் கூட்டாளி ஏதாவது பண்ணிவைத்திருப்பான். 'யார் செய்தது' என்ற கேள்வி பின்னால்தான் வரும். முதல் கேள்வி, 'இது இங்கே ஏன் வந்தது?'

யுகி உருஷிபாராவின் 'முஷிஷி'யில் (1999–2008) இது இன்னும் அமைதியாக நடக்கும். கிங்கோ ஊர் ஊராக அலைகிற ஒருவன். துப்பறிவாளன் என்ற பெயர் கூட அவனுக்கு இல்லை. பனி விழும் ஒரு கிராமத்தில் ஒரு பையனின் நெற்றியில் கொம்புகள் முளைத்திருக்கின்றன, காதில் ஓயாத சத்தம். 'ஒண்ணுமில்ல, பிரமை' என்று கிங்கோ சொல்வதில்லை. உட்கார்கிறான், கேட்கிறான். எப்போதிலிருந்து? அம்மாவுக்கும் இருந்ததா? அவள் கடைசியில் என்ன சொன்னாள்? தீர்வு அந்தப் பதில்களுக்குள்ளேதான் இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது அழகாகச் சொல்கிறேன். கற்றுக்கொண்டது வேறு இடத்தில்.

என் முதல் வேலை ஒரு தொழிற்சாலையில். இரவு ஷிஃப்டில் பிரஸ் மெஷின்களை ஓட்டியவர்கள் பெரும்பாலும் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும். ஒருநாள் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். நான்காம் நம்பர் மெஷினில் நிற்கமாட்டோம் என்றார்கள். ஏன் என்றேன். தயங்கித் தயங்கி ஒருவர் சொன்னார்: "அடா பெண்டா, போஸ்." இங்கே இரவில் பேயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பெண்டா' என்றால் பொருள். ஏதோ ஒரு பொருள் இருக்கு, அவ்வளவுதான் சொல்வார்கள். என்ன செய்யுது என்று கேட்டேன். கதவு திறந்திருக்கும்போதே தானா அசையுது என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் அழுத்தம் சரி, வயரிங் சரி. கதவைத் திறந்தேன், மெஷின் நின்றது. மேலாளரிடம் சொன்னேன், சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரமே மூன்று மதத்துக்கும் பிரார்த்தனை ஏற்பாடானது. ஊதுபத்தி, எலுமிச்சம்பழம், எல்லாருக்கும் பொட்டலச் சோறு. பயந்தவர்களைச் சமாதானப்படுத்தியாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து அதே மெஷின் ஒரு நேப்பாளி அண்ணனின் வலது கை விரல்கள் இரண்டை எடுத்துக்கொண்டது.

அன்று ராத்திரி மூன்று மணிக்குத்தான் நான் முதல்முறையாக அந்த மெஷினை இரவில் பார்த்தேன். பாதுகாப்புக் கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சென்சார். கதவு திறந்து காந்தம் விலகினால் மெஷின் நிற்க வேண்டும். சட்டத்தின் உள்பக்கம், கறுப்பு டேப்புக்கு அடியில், இன்னொரு காந்தம் ஒட்டியிருந்தது. எனவே கதவு எப்போதும் மூடியிருப்பதாகவே சென்சார் நம்பியது. ஒவ்வொரு முறையும் கதவுக்காகக் காத்திருக்க வேண்டாம், டார்கெட் எட்டிவிடலாம். இரவில் ஒட்டுவார்கள், காலையில் பிரித்துவிடுவார்கள்.

அடா பெண்டா. ஒரு பொருள் இருந்தது. ஐம்பது காசு நாணயம் அளவு.

அவர்கள் என்னிடம் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பேய் என்று எனக்குக் கேட்டதால் நான் மிச்சத்தைக் கேட்கவில்லை. இரவில் நடப்பதைப் பகலில் போய்த் தேடினேன். கித்தாரோவின் முடியளவுக்குக்கூட எனக்கு வேலை தெரிந்திருக்கவில்லை.

விசாரணை அறிக்கையை நான்தான் தயாரித்தேன். காந்தத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். சீனியர் ஒருவர் படித்துவிட்டு, "தம்பி, இத எழுதினா மேல யாரு கையெழுத்து போடுவா?" என்றார். மிரட்டவில்லை, உண்மையிலேயே கேட்டார். அந்தப் பத்தி போனது. காரணம்: பணியாளர் கவனக்குறைவு. கீழே என் கையெழுத்து.

அதற்குப் பிறகுதான் 'யுயு ஹகுஷோ'வை மறுபடி எடுத்தேன். இந்தமுறை சண்டைகளைத் தள்ளினேன். கடைசித் தொகுதியில், முதல்முறை கவனிக்காமல் தாண்டிய சில பக்கங்கள் வந்தன. எம்மா இத்தனை காலம் பூதங்களை மூளைச்சலவை செய்து மனித உலகில் குற்றம் செய்ய வைத்திருக்கிறார். அதைக் காட்டித்தான் பூதங்கள் ஆபத்தானவை, இரு உலகுக்கும் நடுவே தடுப்பு வேண்டும் என்று நியாயம் சொல்லியிருக்கிறார். அதை வெளியே கொண்டுவருவது அவருடைய மகன், சூப்பான் வைத்த கோயென்மா. முதல் அத்தியாயத்தில் எமலோகக் கணக்கு தவறியது ஒரு வேடிக்கை. கடைசியில் அந்தக் கணக்கே பொய். தோகாஷி இதை ஆர்ப்பாட்டமே இல்லாமல் சில பக்கங்களில் சொல்லிவிட்டுப் போகிறார்.

பேய்த் துப்பறியும் மாங்கா ஏன் பிடிக்கும் என்று நண்பர்கள் கேட்பார்கள். பேய் இருக்கா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பயந்தவன் சொல்வதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும் துப்பறிவாளர்களை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. இனோவே ஊர் ஊராகப் போனதை நான் மதிக்கிறேன். நான் ஒரு மாடி இறங்கி, அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போயிருந்தால் போதும்.

மற்ற மெஷின்களிலும் தேடினேன், இன்னும் இரண்டு கிடைத்தன. பிடுங்கி எறிந்துவிட்டு மின்னஞ்சல் எழுதினேன். சென்சார்களை மாற்றினார்கள். அறிக்கையை யாரும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது யாராவது 'ஏதோ இருக்கு' என்றால், எத்தனை மணிக்கு என்று கேட்கிறேன்.

அந்த அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று சொன்னார்கள். அறிக்கையில் அவருடைய பாஸ்போர்ட் எண் இருக்கிறது, வயது இருக்கிறது, இழந்த வேலைநாட்கள் இருக்கின்றன. அவர் சொன்னது எதுவும் இல்லை. என்னிடம் வந்த மூன்று பேரில் அவரும் ஒருவர்.